டெமோவைப் போலவே ஒலிக்கட்டும்: கரோல் கிங்கின் ‘டேப்பஸ்ட்ரி’ உருவான விதம்

பாடல் எழுதி விற்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், அதைப் பாடப்போகிற பாடகருக்கோ அவருடைய தயாரிப்பாளருக்கோ அந்தப் பாடலைக் கேட்கக் கொடுத்தாக வேண்டும். தாளில் எழுதிய சொற்களும் இசைக்குறிப்புகளும் அதற்குப் போதா. மெட்டு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எந்தச் சொல்லில் தாளம் விழுகிறது, எந்த இடத்தில் குரல் தயங்க வேண்டும் என்பதெல்லாம் காதில் விழுந்தால்தான் விளங்கும். ஆகவே பியானோவையோ கிட்டாரையோ மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு எழுதியவரே பாடி, அதிகச் செலவில்லாமல் ஒரு மாதிரிப் பதிவைச் செய்துவிடுவார். இதற்கு டெமோ என்று பெயர். டெமோ கடைக்குப் போகிற சரக்கு அன்று. பாடல் கைமாறியதும் அதன் வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் அது ஏதாவதொரு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும்.

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான ‘டேப்பஸ்ட்ரி’ என்ற ஆல்பம், இந்த டெமோவின் இயல்பைக் குறையாகக் கருதாமல், அதையே தன் குணமாக எடுத்துக்கொண்டு உருவான ஒன்று. பாடியவரும் பெரும்பாலான பாடல்களை எழுதியவரும் கரோல் கிங். பில்போர்ட் என்ற அமெரிக்க இசை இதழின் ஆல்பம் பட்டியலில் தொடர்ந்து 15 வாரங்கள் முதலிடத்தில் இருந்த இந்த ஆல்பம், மொத்தம் 300 வாரங்களுக்கும் மேலாக அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 2.5 கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது. சாஃப்ட் ராக் என்ற இசைவகையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

சாஃப்ட் ராக் என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ராக் இசையின் கருவிகளான டிரம்ஸ், பேஸ் கிட்டார், எலெக்ட்ரிக் கிட்டார் ஆகியவை இதிலும் உண்டு. ஆனால் அவை அடக்கி வாசிக்கப்படும். முன்னால் நிற்பது பாடுகிற குரலும், அதற்கு அருகிலேயே ஒலிக்கும் பியானோவோ சாதாரணக் கிட்டாரோ ஆகும். 1960களின் பிற்பகுதியில் ராக் கச்சேரிகள் நாளுக்கு நாள் சத்தம் மிகுந்தவையாக மாறிக்கொண்டிருந்தபோது, அதற்கு எதிர்த்திசையில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், வீட்டுக்குள் அமர்ந்து கேட்பதற்கேற்ற தணிந்த இசை ஒன்று வளர்ந்தது. அதைச் செய்தவர்களில் பலர், தாங்கள் எழுதியதைத் தாங்களே பாடியவர்கள். இவர்களைத்தான் பாடகர்-பாடலாசிரியர்கள் என்கிறோம். இங்கே பாடலாசிரியர் என்பவர் சொற்களை மட்டும் எழுதுபவர் அல்லர்; மெட்டும் அவருடையதே. எழுதியவரே பாடுவதால், பாடலில் வருகிற ‘நான்’ உண்மையிலேயே அவர்தான் என்று கேட்பவர் எண்ணத் தொடங்குகிறார். அந்த எண்ணம் சரியோ தவறோ, இவ்வகை ஆல்பங்களின் கவர்ச்சியில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது.

கரோல் கிங் 1942ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தாயிடம் பியானோ கற்றார். கல்லூரியில் ஜெர்ரி கோஃபினைச் சந்தித்து, 17 வயதில் அவரை மணந்தார். கோஃபின் சொற்களை எழுத, கிங் மெட்டமைத்தார். பிராட்வே சாலை 1650ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய ஆல்டன் மியூசிக் என்ற நிறுவனம் இருவரையும் வேலைக்கு வைத்துக்கொண்டது. பியானோவும் நாற்காலியும் வைத்தால் நிறைந்துவிடக்கூடிய சிறு அறைகளில் இளம் பாடலாசிரியர்கள் இரண்டிரண்டு பேராக அமர்ந்து பாடல் செய்த இடம் அது. பக்கத்து அறையில் வேறொரு ஜோடி தட்டுகிற மெட்டு சுவரைத் தாண்டிக் கேட்கும்.

அங்கே எழுதிய பாடல்களில் முதலில் பெருவெற்றி பெற்றது ‘வில் யூ லவ் மீ டுமாரோ’. கிங் மெட்டை மட்டும் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்துவிட்டு மாஜாங் என்ற சீன விளையாட்டை ஆடப் போய்விட்டார். ஆய்வகத்தில் வேதியியல் உதவியாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்த கோஃபின் வேலை முடிந்து வந்து, மெட்டைக் கேட்டுச் சொற்களை எழுதினார். ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு பாடிய அந்தப் பாட்டு 1961 ஜனவரி இறுதியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றபோது கிங்குக்கு இன்னும் 19 வயது நிறையவில்லை. கோஃபின் ஆய்வக வேலையை விட்டார். அடுத்த ஆண்டு, அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், லிட்டில் ஈவா என்ற பெயரில் அவர்கள் எழுதிய ‘தி லோகோ-மோஷன்’ பாடலைப் பாடி முதலிடம் பெற்றார். இப்படிப் பத்தாண்டுக் காலம் பிறர் குரலுக்காகவே கிங் எழுதிக்கொண்டிருந்தார்.

பிறருக்காக எழுதியதால் அவர் பாடவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அவர் நாள்தோறும் டெமோ பாடிக்கொண்டிருந்தார். பாபி வீ என்ற பாடகருக்காக 1962ஆம் ஆண்டு அவர் பாடிய ஒரு டெமோ, அப்படியே அவர் பெயரிலேயே இசைத்தட்டாக வெளிவந்து, அமெரிக்காவில் 22ஆம் இடத்தையும் பிரிட்டனில் 3ஆம் இடத்தையும் எட்டியது. ஆனால் மேடையேறிப் பாட அவருக்குப் பெருந்தயக்கம் இருந்தது. அந்த வெற்றியைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ள அவரும் முனையவில்லை. இதற்கிடையில் ஆல்டன் நிறுவனத்தின் மேற்குக் கரை அலுவலகத்தில் வேலை பார்த்த லூ ஆட்லர் என்பவருக்குக் கிங்கின் டெமோக்கள் வந்துகொண்டே இருந்தன. பாடகர்களிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவது அவருடைய வேலை. பலமுறை, பாடகர்கள் பெரிய இசைக்குழுவோடு செய்த பதிவைவிட அந்த டெமோவே நன்றாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அவற்றை எறியாமல் சேர்த்து வைத்தார். இந்தக் கதையின் விதை அதுதான்.

1968ஆம் ஆண்டு கிங்கும் கோஃபினும் பிரிந்தனர். இரண்டு மகள்களோடு கிங் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் லாரல் கேன்யன் பகுதிக்குக் குடியேறினார். மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறுகிற சாலைகளின் ஓரத்தில் இசைக்கலைஞர்கள் பலர் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே டேனி கோர்ச்மர் என்ற கிட்டார் கலைஞரோடும், பின்னர் தாம் மணந்துகொண்ட சார்லஸ் லார்கி என்ற பேஸ் கலைஞரோடும் சேர்ந்து ‘தி சிட்டி’ என்ற குழுவாக ஓர் ஆல்பம் செய்தார். கிங் மேடைக்கு வர மறுத்ததால் சுற்றுப்பயணம் இல்லை. ஆல்பம் விற்கவும் இல்லை. 1970ஆம் ஆண்டு, தம் பெயரிலேயே ‘ரைட்டர்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதிலிருந்த பாடல்கள் பெரும்பாலும் கோஃபினோடு முன்பு எழுதியவை. அதுவும் வெளியான நேரத்தில் கவனிப்பாரின்றிப் போனது. அடுத்த ஆண்டு உலகமே வாங்கப்போகிற ஆல்பத்தை, ஏறத்தாழ அதே ஆட்கள்தான் செய்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திறமை மட்டுமே வெற்றிக்குப் போதுமென்றால் ‘ரைட்டர்’ ஆல்பமே விற்றிருக்கும்.

இடையில் மாறியவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, ஜேம்ஸ் டெய்லர். அப்போதுதான் புகழ்பெறத் தொடங்கியிருந்த இந்தப் பாடகர்-பாடலாசிரியரின் ஆல்பத்தில் கிங் பியானோ வாசித்திருந்தார். அவருடைய கச்சேரிகளிலும் பியானோ கலைஞராகவே உடன் சென்றார். 1970ஆம் ஆண்டு நியூயார்க்கின் குவீன்ஸ் கல்லூரியில் கச்சேரி நடந்தபோது, அது கிங் படித்த கல்லூரி என்பதால், அவர் எழுதிய பழைய பாடலொன்றை அவரே பாட வேண்டும் என்று டெய்லர் கேட்டுக்கொண்டார். பியானோவுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த பெண் மனிதர்முன் பாட ஆரம்பித்தது இப்படித்தான். இன்னொன்று, சொற்கள். கோஃபின் இல்லாத நிலையில் கிங் தாமே சொற்களை எழுதத் தொடங்கினார். டோனி ஸ்டெர்ன் என்ற இளம் பெண் கவிஞரும் அவரோடு சேர்ந்து எழுதினார். பதின்பருவக் காதலைப் பற்றி எழுதிய பழைய பாடல்களுக்கு நேர்மாறாக, இப்போது வந்த பாடல்களில் 28 வயதுப் பெண்ணின் வாழ்க்கை இருந்தது: தூரம், பிரிவு, வீடு திரும்பும் ஏக்கம், தோழமை.

மூன்றாவது மாற்றம் லூ ஆட்லர். இதற்குள் அவர் ‘தி மாமாஸ் அண்ட் தி பாபாஸ்’ குழுவின் பாடல்களைத் தயாரித்தும், 1967ஆம் ஆண்டின் மான்டரே இசை விழாவை நடத்தியும் பெயர் பெற்றிருந்தார். கிங் பாடிய ஓட் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் அவருடையதே. ‘ரைட்டர்’ ஆல்பத்தை வேறொருவர் தயாரித்திருந்தார். அடுத்ததைத் தாமே தயாரிப்பது என்று ஆட்லர் முடிவு செய்தார். ஆல்பத் தயாரிப்பாளர் என்பவர், பணம் போடுகிற முதலாளியல்லர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எந்தப் பாடல்கள், எந்தக் கலைஞர்கள், எவ்வளவு வேகம், எந்தப் பதிவு சரி, எது போதும், எது வேண்டாம் என்பனவற்றைத் தீர்மானித்து, ஆல்பம் முழுவதும் ஒரே ஆளின் முகம்போலத் தெரியும்படி செய்வது அவருடைய பொறுப்பு. ஆட்லருக்கு இந்த முகம் எதுவென்பது பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தது. தாம் சேர்த்து வைத்திருந்த டெமோக்களைப் போலவே இதுவும் ஒலிக்க வேண்டும். கேட்பவருக்கு, இந்தப் பெண் இதோ எதிரில் பியானோமுன் அமர்ந்து தமக்காகப் பாடுகிறார் என்ற உணர்வு வர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பதிவு 1971 ஜனவரியில், ஹாலிவுட்டின் லா பிரேயா சாலையிலிருந்த ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் நடந்தது. சார்லி சாப்ளின் 1917ஆம் ஆண்டு தம் படங்களுக்காகக் கட்டிய வளாகம் அது. பின்னாளில் ஏ அண்ட் எம் இசை நிறுவனம் வாங்கியது. கிங்குக்குக் கிடைத்தது பி ஸ்டுடியோ. அந்தக் காலத்திலேயே சி ஸ்டுடியோவில் ஜோனி மிட்செல் என்ற பாடகர்-பாடலாசிரியர் தம் ‘புளூ’ ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஏ ஸ்டுடியோவில் கார்பென்டர்ஸ் இசைக்குழுவினர் இருந்தார்கள். சி ஸ்டுடியோவில் செந்நிற மரத்தாலான ஸ்டைன்வே பியானோ ஒன்று இருந்தது. அதன் நாதம் கிங்குக்கு மிகவும் பிடித்துவிட்டது. மிட்செல் இல்லாத நேரம் பார்த்து அந்த அறைக்குள் புகுந்து, சில மணி நேரத்தில் சில பாடல்களின் அடிப்படைப் பதிவை முடித்துக்கொண்டு வெளியேறியதை ஒலிப்பதிவுப் பொறியாளர் ஹேங்க் சிகாலோ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு கூரையின்கீழ், ஒரே மாதத்தில், ஒரே பியானோவுக்காக இரண்டு பெரும் ஆல்பங்கள் காத்திருந்தன என்பது இசை வரலாற்றில் அடிக்கடி நேர்கிற காரியம் அன்று.

ஒரு பாடல் எப்படிப் பதிவாகிறது என்பதைப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காந்த நாடாவின் அகலத்தைப் பல தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் வெவ்வேறு ஒலியைப் பதிவது அன்றைய முறை. முதலில் பியானோ, பேஸ், டிரம்ஸ், கிட்டார் ஆகியவற்றை வாசிப்பவர்கள் ஒன்றாக அமர்ந்து, பாட்டின் முதுகெலும்பை நேரடியாக வாசித்துப் பதிவார்கள். அது சரியாக அமைந்த பிறகு, அதை ஹெட்ஃபோனில் கேட்டபடியே குரலையும், பின்னணிக் குரல்களையும், வயலின் போன்ற தந்திக் கருவிகளையும், தனி வாசிப்புகளையும் வேறு தடங்களில் சேர்ப்பார்கள். கடைசியில் ஒவ்வொரு தடத்தையும் எவ்வளவு உரக்க, எந்தப் பக்கத்தில், எவ்வளவு எதிரொலியோடு ஒலிக்கச் செய்வது என்று முடிவு செய்து எல்லாவற்றையும் இரண்டு தடங்களுக்குள் இறக்குவார்கள், இதுவே மிக்ஸிங். தடங்கள் காலியாக இருந்தால் அவற்றை நிரப்பத் தோன்றுவது மனித இயல்பு. கூடுதலாக ஒரு கிட்டார், கூடுதலாக ஒரு வயலின் வரிசை, குரலுக்கு இன்னும் கொஞ்சம் எதிரொலி என்று சேர்த்துக்கொண்டே போனால், பாட்டு மெல்ல மெல்ல எழுதியவரின் கையைவிட்டுப் போய்விடும்.

‘டேப்பஸ்ட்ரி’ அந்த இடத்தில்தான் நின்றது. முதுகெலும்பை வாசித்தவர்களில் லார்கியும் கோர்ச்மரும் கிங்கின் பழைய குழுவினர். ரஸ் குன்கெல், ஜோயல் ஓப்ரையன் ஆகியோர் டிரம்ஸ் வாசித்தனர். ரால்ஃப் ஷுக்கெட் எலெக்ட்ரிக் பியானோ வாசித்தார். இவர்களில் பெரும்பாலோர் ஒருவரோடொருவர் ஏற்கெனவே பழகியவர்கள் என்பதால், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் எங்கே ஒதுங்க வேண்டும் என்பதைச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. டிரம்ஸின் ஒலி காய்ந்து, மட்டாக, அருகில் கேட்கிறது. குரலிலும் எதிரொலி மிகக் குறைவு. ஆகவே மூச்சிழுப்பதும், சில சொற்களில் குரல் லேசாகக் கரகரப்பதும் மறைக்கப்படாமல் காதுக்கு வருகின்றன. பியானோ எல்லாப் பாடல்களுக்கும் நடுவில் இருக்கிறது. மற்றவை அதைச் சுற்றி அமர்கின்றன. தந்திக் கருவிகளுக்கான இசையைக் கிங்கே எழுதினார். அவையும் பெரும்படையாக வராமல், நாலைந்து பேர் அறையோரத்தில் வாசிப்பதுபோலத் தோன்றுகின்றன. ஏறக்குறைய மூன்று வாரத்தில் வேலை முடிந்தது.

சாஃப்ட் ராக்கின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை ‘இட்ஸ் டூ லேட்’ பாடலில் மிக எளிதாகக் காட்டலாம். மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது சாதாரண கார்ட். அதன்மேல் ஏழாம் சுரத்தையும் சேர்த்தால் செவன்த் கார்ட் கிடைக்கும். அது முடிந்தும் முடியாததுமாக, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல ஒலிக்கும். இந்தப் பாடலின் சரணங்களில் ஏ மைனர் செவன்த் கார்டுக்கும் டி சிக்ஸ்த் கார்டுக்கும் இடையே இசை ஊஞ்சலாடுகிறது. பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகிற பகுதிக்கு வந்ததும், அது பி ஃப்ளாட் மேஜர் செவன்த், எஃப் மேஜர் செவன்த் ஆகிய இரண்டு மென்மையான கார்டுகளுக்கு நழுவுகிறது. சொற்களோ, ஓர் உறவு முடிந்துவிட்டது என்று ஒரு பெண் நிதானமாக அறிவிப்பவை. அழுகையும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஸ்டெர்ன் எழுதிய இந்தச் சொற்களுக்கு வேகமான மெட்டோ, நேரடியான சோக மெட்டோ போட்டிருந்தால் பாட்டு நாடகமாகிவிட்டிருக்கும். முடிந்தது என்று சொல் சொல்ல, முடியவில்லை என்று கார்ட் சொல்கிறது. நடுவில் வருகிற கோர்ச்மரின் கிட்டாரும், கர்டிஸ் ஏமியின் சொப்ரானோ சாக்ஸபோனும் இந்த இரண்டுக்கும் இடையிலான வாக்குவாதத்தைச் சத்தமில்லாமல் தொடர்கின்றன. இந்த ஆல்பத்தில் ஒரே பாடலைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் கொடுப்பேன்.

பழைய பாடல்கள் இரண்டைக் கிங் மறுபடியும் எடுத்துக்கொண்டதிலும் இதே சிந்தனை தெரிகிறது. ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ ஷிரெல்ஸ் பாடியபோது துள்ளுகிற தாளத்தில் இருந்தது. கிங் அதன் வேகத்தைக் குறைத்தார். இன்றிரவின் அன்பு நாளைக்கும் இருக்குமா என்று பதின்பருவப் பெண் கேட்ட கேள்வியை, மணமுறிவைக் கடந்துவந்த ஒரு தாய் கேட்கும்போது பொருளே வேறாகிவிடுகிறது. ஒரு சொல்கூட மாற வேண்டியிருக்கவில்லை. பின்னணியில் பாடியவர்கள் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும். ஆல்பத்தின் உறையில் இவ்விருவரையும் ‘ஆண்-பெண் பாடகர் குழு’ என்று குறும்பாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

‘எ நேச்சுரல் வுமன்’ பாடலுக்கு இன்னும் கடினமான சோதனை. தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், நியூயார்க் தெருவில் காரை நிறுத்தித் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போக, கோஃபினும் கிங்கும் அன்றிரவே எழுதிய பாட்டு அது; 1967ஆம் ஆண்டு அரீதா ஃபிராங்க்லின் பாடிப் புகழ்பெறச் செய்தார். தேவாலயத்தின் கூரையை உயர்த்துகிற அந்தக் குரலோடு போட்டியிட கிங்கால் முடியாது, அவரும் முயலவில்லை. டிரம்ஸை அகற்றிவிட்டு, தம் பியானோவையும் லார்கியின் பேஸையும் மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். கிங்கின் குரல் பெரிய குரலன்று. அதன் எல்லை அவருக்கே நன்றாகத் தெரியும். ஆனால் பாட்டை எழுதியவர் அதை இரவில் தனியே வாசித்துப் பார்க்கும்போது எப்படியிருக்குமோ, அப்படியிருக்கிறது. ஏறத்தாழ டெமோவேதான்.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். துப்பாக்கி ஏந்திய ஒருவனைப் பற்றிய ‘ஸ்மாக்வாட்டர் ஜாக்’ இந்த வீட்டுக்கு வழிதவறி வந்த விருந்தாளிபோலவே எனக்கு ஒலிக்கிறது. ‘வேர் யூ லீட்’ என்ற பாடலின் சொற்கள், ஆணுக்குப் பின்னால் எங்கும் செல்லத் தயாரான பெண்ணைப் பேசுவதால், பின்னாளில் கிங்கே அதைப் பாடுவதை நிறுத்தினார். பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக அது தாய்க்கும் மகளுக்குமான பாடலாகத் திருத்தப்பட்டு, அவரும் மகள் லூயிஸும் சேர்ந்து பாடினார்கள்.

தனிப் பாடல்களைச் சேர்த்து ஆல்பமாக்குவதும் ஒரு கலை. அன்றைய இசைத்தட்டுக்கு இரண்டு பக்கங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். ஆகவே ஆல்பத்துக்கு இரண்டு தொடக்கங்களும் இரண்டு முடிவுகளும் உண்டு. முதல் பக்கம், அதிரடியாகப் பியானோவை முழக்குகிற ‘ஐ ஃபீல் தி எர்த் மூவ்’ பாடலோடு திறக்கிறது. உடனே டெய்லரின் கிட்டாரோடு தணிந்த ‘ஸோ ஃபார் அவே’ வருகிறது. மெரி கிளேட்டனின் பின்னணிக் குரல் சேர்ந்த, தேவாலயப் பாட்டின் சாயலுள்ள ‘வே ஓவர் யாண்டர்’ அந்தப் பக்கத்தை முடிக்கிறது. இரண்டாம் பக்கம் ‘யூவ் காட் எ ஃப்ரெண்ட்’ பாடலில் தொடங்கி, தனிமையில் பாடிய ‘எ நேச்சுரல் வுமன்’ பாடலில் நிற்கிறது. மொத்தம் 12 பாடல்கள். அவற்றில் 7 பாடல்களின் சொல்லும் மெட்டும் கிங் ஒருவருடையவை.

‘யூவ் காட் எ ஃப்ரெண்ட்’ பாடலுக்கு நேர்ந்தது, இக்கலைஞர்களுக்கிடையே இருந்த பழக்கத்தைக் காட்டும். லாஸ் ஏஞ்சலிஸின் ட்ரூபடார் அரங்கில் கிங் அதைப் பாடக் கேட்ட டெய்லர், தாமும் பதிவு செய்ய விரும்பினார். கிங்கின் ஆல்பம் இன்னும் கடைக்குக்கூட வரவில்லை, இருந்தும் ஒப்புக்கொண்டார். டெய்லரின் பதிவு 1971 ஜூலையில் முதலிடம் பெற்றது. வேறு யாராக இருந்தாலும் தம் மிகச்சிறந்த பாடலைக் கொடுத்துவிட்டோமே என்று வருந்தியிருப்பார்கள். பத்தாண்டுகள் பாடல்களைப் பிறருக்குக் கொடுத்தே வாழ்ந்த கிங்குக்கு அது வழக்கமான காரியமாகவே இருந்திருக்க வேண்டும்.

உறைப் படமும் ஆல்பத்தின் ஒலியைப் போலவே இருக்கிறது. ஜிம் மெக்கிராரி என்ற புகைப்படக் கலைஞர் அதை ஸ்டுடியோவில் எடுக்காமல், லாரல் கேன்யனிலிருந்த கிங்கின் வீட்டில் எடுத்தார். ஜன்னலோரப் பலகையில் வெறுங்காலோடு, ஜீன்ஸ் அணிந்து, சுருண்ட முடியைச் சீவி அழகுபடுத்தாமல் கிங் அமர்ந்திருக்கிறார். கையில் தாமே பின்னிய பூத்தையல். முன்னால் தலையணைமேல் டெலிமாக்கஸ் என்ற அவருடைய பூனை. டேப்பஸ்ட்ரி என்றால் சித்திரத் திரைச்சீலை. அந்நாள்களில் அவர் ஓய்வு நேரத்தில் செய்துகொண்டிருந்த கைவேலையே ஆல்பத்துக்குப் பெயராயிற்று. பெண் பாடகியரை உச்சி முதல் பாதம் வரை அலங்கரித்து உறையில் நிறுத்துவது வழக்கமாக இருந்த காலத்தில் இந்தப் படம் வந்தது.

வெளியானதும் ஆல்பம் பாய்ந்து ஏறிவிடவில்லை. சில மாதங்கள் படிப்படியாக உயர்ந்தது. ‘ஐ ஃபீல் தி எர்த் மூவ்’, ‘இட்ஸ் டூ லேட்’ ஆகிய இரண்டையும் இரு பக்கங்களிலும் கொண்ட ஒற்றைத் தட்டு வெளியானபோது, வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பி ‘இட்ஸ் டூ லேட்’ பாடலையே விரும்பி ஒலிபரப்பினார்கள். 1971 ஜூன் 18ஆம் நாள், ஒரு காலத்தில் மேடையை அஞ்சிய கிங், நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடினார். ஜூன் 19ஆம் நாளிட்ட பில்போர்ட் பட்டியல்களில் ஒற்றைத் தட்டும் ஆல்பமும் ஒருங்கே முதலிடத்தில் இருந்தன. ஒற்றைத் தட்டு 5 வாரங்கள் அங்கே நின்றது.

1972 மார்ச்சில் நடந்த கிராமி விழாவில் ஆண்டின் ஆல்பம், ஆண்டின் இசைத்தட்டு, ஆண்டின் பாடல், சிறந்த பாப் பாடகி ஆகிய 4 விருதுகள் கிங்குக்குக் கிடைத்தன. ஆண்டின் பாடலுக்கான விருதை ஒரு பெண் பெற்றது அதுவே முதல்முறை. அவர் விழாவுக்குப் போகவில்லை; பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத குழந்தையோடு வீட்டில் இருந்தார். விருதுகளை ஆட்லர் பெற்றுக்கொண்டார். இதற்குள் அதே ஸ்டுடியோவில், அதே தயாரிப்பாளரோடும் அதே பொறியாளரோடும் செய்த அடுத்த ஆல்பமான ‘மியூசிக்’ வெளியாகி, அதுவும் முதலிடத்துக்கு வந்துவிட்டிருந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நின்றது ‘டேப்பஸ்ட்ரி’தான்.

2012ஆம் ஆண்டு, கிங்கின் பழைய டெமோக்களில் 13 தேர்ந்தெடுக்கப்பட்டு ‘தி லெஜன்டரி டெமோஸ்’ என்ற பெயரில் ஆல்பமாக வந்தன. அவற்றில் ‘இட்ஸ் டூ லேட்’, ‘யூவ் காட் எ ஃப்ரெண்ட்’, ‘எ நேச்சுரல் வுமன்’ ஆகியவற்றின் டெமோக்களும் உண்டு. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு பாடலின் டெமோவை முதலிலும், 1971 பதிவை அடுத்தும், ஹெட்ஃபோன் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். ‘இட்ஸ் டூ லேட்’ பாடலில் பேஸ் எப்போது நுழைகிறது, கிட்டார் எந்த இடத்தில் பேசத் தொடங்குகிறது, சாக்ஸபோன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தால், ஆட்லரும் சிகாலோவும் அந்த மூன்று வாரத்தில் சேர்த்தவை எவையெவை என்று தெரிந்துவிடும். பியானோவும் குரலும் இரண்டிலும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கும்.